மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மைக்

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் நடந்த கல்யாணங்களில் பாதியை நான்தான் நடத்தி வைத்தேன் என்று சொன்னால் ஐயர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் உண்மை அதுதான். தாலியை எடுத்துக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். மண்டபம் நிறைய இருக்கிற ஜனத்தை உட்கார வைப்பது, எழுப்புவது, கைதட்ட வைப்பது, சண்டைக்குக் கிளம்பும் தாய்மாமனை “நம் குடும்பத்தின் பெரிய மனிதர்” என்று மைக்கில் புகழ்ந்து திரும்ப நாற்காலியில் உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. எம்சி என்பார்கள் இங்கே. வார நாள்களில் போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி அலுவலகத்தில் இருப்பேன். சனி, ஞாயிறு வந்தால் பட்டுப்புடவையும் மைக்குமாக ஏதாவது ஒரு மேடையில் நிற்பேன்.

என் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடைக்கு மேல் மாடியில் சின்னக் கடை வைத்திருக்கிறான். நல்லவன். யாரைக் கேட்டாலும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். அக்காவும் தம்பியுமாகப் பல மண்டபங்களில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். அவன் எடுத்த வீடியோக்களில் எல்லாம் நான் இருப்பேன். வாய் அசையும், சத்தம் வராது. நம் ஆட்களின் கல்யாண வீடியோவில் பேச்சுக்கு இடமில்லை. மண்டபத்தில் பதிவான சத்தத்தை மொத்தமாக மூடிவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டை ஓட விடுவார்கள். மேளம், மந்திரம், பெண்ணைப் பெற்றவளின் விசும்பல் எல்லாம் அந்தப் பாட்டுக்கு அடியில் போய்விடும். ஒரு தடவை கேட்டேன், “என் குரலைக் கொஞ்சமாவது வைக்கக் கூடாதாடா?” என்று. “கஸ்டமர் பாட்டுதான் கா கேக்குறாங்க, நான் என்ன செய்யறது” என்றான். அது அவன் பிழைப்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

தொண்டை கரகரக்க ஆரம்பித்தபோது மைக்கில் கத்திக் கத்தித்தான் என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். தேன் குடி, மிளகு மெல்லு, உப்புத் தண்ணீரில் கொப்பளி. எல்லாம் செய்தேன். கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா, குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் சில பரிசோதனைகளும் எடுத்துவிட்டு, புற்று, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது. முதலில் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மலாயில் சொன்னார். அப்புறம் ஒரு தமிழ் நர்ஸைக் கூப்பிட்டார். எனக்கு மூன்று மொழியிலும் புரிந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மண்டபமும் பேசி முடித்திருந்த நேரம் அது. தள்ளி வைக்கலாம் என்று அவள் அழுதாள். தள்ளி வைத்தால் என் குரல் திரும்பி வந்துவிடுமா? வேண்டாம் என்றேன். ஆனால் ஒன்று மட்டும் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் யார் யார் வீட்டுப் பெண்களையோ “இதோ வருகிறாள் மணமகள்” என்று கதவு திறந்து அழைத்து வந்த வாய் என்னுடையது. நான் பெற்ற பெண்ணை, காசு கொடுத்துப் பிடித்த வேறு யாரோ அழைப்பதா? அவள் அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போய் ரொம்ப நாளாகிறது. அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வர அவர் இல்லை. குரலாலாவது நான் கூட்டி வர வேண்டும்.

மண்டபத்தில் பெரிய திரை இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் என்னைப் பேச வைத்து வீடியோ எடுத்துவிடுவது, கல்யாணத்தன்று விளக்கை அணைத்து, திரையில் நான் அழைக்க, கதவு திறந்து அவள் நடந்து வருவது. நான் கேட்டது இவ்வளவுதான். மகளிடம் சொன்னேன். “நீ கூப்பிட்டாத்தாம்மா உள்ள வருவேன்” என்றாள்.

தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வந்துவிட்டான். கூடத்தில் உட்கார வைத்துச் சோதனைக்கு ஒன்று எடுத்தான். போட்டுக் கேட்டால், மின்விசிறி சத்தம் பிரமாதமாக விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு நாய், துறைமுகம் போகும் லோரிகள், கேமரா லென்ஸ் தானாகத் திரும்பும் கிர்கிர் எல்லாமே தெளிவு. நான் மட்டும் பிஸ்கட் டின்னுக்குள் இருந்து பேசுவது போல எங்கேயோ கேட்டேன். முன்பிருந்த குரலாக இருந்தால் லோரியையே அடக்கியிருப்பேன். இப்போது அது பாதியாகத் தேய்ந்திருந்தது.

“கேமரால இருக்கற மைக் அப்படித்தான் கா. எடிட்ல பாத்துக்கலாம் லா” என்றான்.

“எடிட்ல என்னத்தைப் பாப்ப? இல்லாத குரலைக் கொண்டு வருவியா?”

“தனி மைக் வாங்கணும் கா. நான் வச்சிக்கிறதில்ல. எனக்குத் தேவைப்பட்டதே இல்ல.”

இத்தனை வருஷம் வீடியோ எடுத்துப் பிழைப்பவனிடம் ஒரு மைக் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி, நானே வாங்குகிறேன் என்று இறங்கினேன். மைக்கைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிர் வேறு. மேடை மைக் என்றால் தட்டிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்வேன். கேமரா மைக் வேறு ஜாதி என்று அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் ஆன்லைனில் மலிவாக ஒரு காலர் மைக் வாங்கினேன். பட்டாணி அளவு மைக், சட்டையில் குத்தும் கிளிப், நீளமான ஒயர். கேமராவில் செருகிப் பேசிப் பார்த்தால் ஒன்றுமே பதிவாகவில்லை. மைக் செத்துவிட்டது என்று நினைத்துக் கைப்பேசியில் செருகினேன், நன்றாக வேலை செய்தது. ஒன்றும் புரியாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு, கோலாலம்பூரில் கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு பழைய வணிக வளாகத்துக்கு ரயில் ஏறினேன்.

கடைக்காரர் ஒரு சீனர். என்னைப் பார்த்ததும், “ஆன்டி, யூடியூபா? குக்கிங்?” என்றார். ஐம்பது வயதுப் பெண் மைக் வாங்க வந்தால் எல்லோருக்கும் குழம்புதான் நினைவுக்கு வருகிறது. மகள் கல்யாணத்துக்கு என்றேன். அவர் என் காலர் மைக்கின் செருகியைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். கைப்பேசி மைக்கின் செருகியில் மூன்று கருப்பு வளையம் இருக்குமாம், கேமராவுக்கானதில் இரண்டுதானாம். அது மாறியதால்தான் கேமரா ஊமையாகிவிட்டது. இதைப் பெட்டியின் மேல் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கேமரா தலையில் மாட்டும் நீள மைக் ஒன்று. பார்க்க மிடுக்காக இருந்தது. எதிரே இருப்பதை மட்டும் பிடிக்கும் என்றார். கடையிலேயே ஒரு கேமராவில் மாட்டி, கொஞ்சம் தள்ளி நின்று பேசிக் கேட்டேன். குரலோடு அறையும் சேர்ந்து கேட்டது. மைக் வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்பது மேடையிலும் விதிதான், அது மட்டும் இங்கே மாறவில்லை. அடுத்து ஒயர் இல்லாத ஜோடி. ஒன்றை உடையில் குத்தி, இன்னொன்றைக் கேமராவில் மாட்ட வேண்டும். சத்தம் பிரமாதம், விலையும் பிரமாதம். ஒரே ஒரு நாள் பேசப் போகிறவளுக்கு அது எதற்கு? அதிலேயே மலிவான ஒன்றையும் காட்டினார். நடுவில் ஒரு சொல் காணாமல் போய்த் திரும்பி வந்தது. எனக்குத் தொலைக்கச் சொற்கள் மிச்சமில்லை, வேண்டாம் என்றேன்.

“இது முரா, ஆன்டி. பட் குட்” என்று கடைசியாக ஒன்றை எடுத்தார். முரா என்றால் மலிவு. ஒயர் வைத்த காலர் மைக்தான், ஆனால் கேமராவுக்கான செருகி, சின்ன பேட்டரி, மூச்சுக்காற்று அடிக்காமல் இருக்க ஒரு பஞ்சுத் தொப்பி. நெஞ்சில் குத்திக்கொண்டு, எந்தக் கல்யாணத்திலும் நான் முதலில் சொல்லும் வரவேற்பைச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்தச் சீனர், ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, “வாய்ஸ் நைஸ் லா, ஆன்டி. ரேடியோவா?” என்றார். இந்தக் குரலைப் பாராட்டிய கடைசி ஆள் அவர்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் காலையில் எடுத்தோம். ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், பிரிட்ஜின் ஒயரைக்கூடப் பிடுங்கிவிட்டேன். தம்பிக்கு வேர்த்து ஊற்றியது. “உருகிடுவேன் கா” என்றான். உருகு என்றேன். பட்டுப்புடவைத் தலைப்பு மைக்கில் உரசியபோது கரகரவென்று விழுந்தது. அதை இழுத்துச் செருகி ஊசி குத்தினேன். சங்கிலி மைக்கில் பட்டு டிங் டிங் என்றதும் கழற்றி வைத்தேன்.

“வெறும் கழுத்தா இருந்தா வீடியோல நல்லா இருக்காது கா.”

“பாக்கறதுக்கு இல்லடா இது. கேக்கறதுக்கு. நான் பேசறதுதான் முக்கியம், புரியுதா? அதுல கை வைக்காத.”

“சரி கா, சரி. நீ பேசறதுல ஒரு செகண்டுகூட வெட்ட மாட்டேன், போதுமா?”

லோரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்துப் பேசினேன். இரண்டு வரி சொல்வதற்குள் ஒன்று வரும், நிறுத்துவேன், மறுபடியும் முதலிலிருந்து. மூச்சு வாங்கியது. தொண்டையில் யாரோ உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பது போல இருந்தது. ஒரு தடவை முழுசாக வந்தது. எல்லோரையும் வரவேற்றேன், மாப்பிள்ளை வீட்டாரை வணங்கினேன், பிறகு என் பெண்ணைக் கூப்பிட்டேன். மேடையில் சொல்கிற மாதிரி இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கூப்பிடுவேனே, அந்த மாதிரி, வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரைச் சொல்லி, “வாம்மா, அம்மா இங்க இருக்கேன்” என்று.

ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டேன். இத்தனை வருஷம் மண்டப ஸ்பீக்கர்களில் இரைச்சலோடுதான் என்னைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் சுத்தமாகக் கேட்டேன். கரகரப்பு இருந்தது. ஆனால் நான்தான், சந்தேகமே இல்லை. எனக்கு ஒரு காப்பி அனுப்பு என்றேன். கடைக்குப் போய் அனுப்புகிறேன் என்றான்.

அப்புறம் நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கத்தி, குழாய், கதிர்வீச்சு. கண் விழித்ததும் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன், கழுத்திலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைப் பழக்கிப் பார்த்தார்கள். அதில் வந்தது குரலே இல்லை, கொசு விரட்டும் இயந்திரம். தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு என்னிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். கேட்கப் பிடிக்காதபோது போர்வைக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

நடுவில் தம்பிக்குச் செய்தி தட்டினேன், வீடியோ என்ன ஆச்சு என்று. “ரெடி கா. சூப்பரா வந்திருக்கு. மண்டபத்துல பாரு, சர்ப்ரைஸ்” என்று பதில் போட்டான். சர்ப்ரைஸ் வேண்டாம், அனுப்பு என்று திரும்பத் தட்டினேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. சத்தம் போட முடிகிறவளாக இருந்தால் அந்த நிமிஷமே போன் செய்து ஒரு வழி பண்ணியிருப்பேன். எழுத்தில் திட்டினால் யாருக்கும் உறைப்பதில்லை.

கல்யாணத்தன்று கழுத்தில் ஒரு பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு எம்சி, குரலில் சர்க்கரை அதிகம். “இப்போது ஒரு தாயின் அழைப்பு” என்றாள். விளக்கு அணைந்தது. பின்னால் கதவு திறந்து, அலங்காரத்தோடு என் மகள் வாசலில் நிற்பது தெரிந்தது. திரையில் நான் வந்தேன். பச்சைப் பட்டு, வெறும் கழுத்து. வாயைத் திறந்தேன்.

பாட்டு வந்தது.

ஏதோ ஒரு படத்தில் வரும் அம்மா பாட்டு. யாரோ ஒரு பாடகர் புல்லாங்குழலும் வயலினுமாக உருகிக்கொண்டிருந்தார். திரையில் என் வாய் அசைந்தது. நான் வரவேற்றேன், வணங்கினேன், சிரித்தேன், மூச்சு வாங்கினேன். அவன் சொன்ன சொல் தவறவில்லை, ஒரு செகண்டுகூட வெட்டவில்லை. முழுசாக இருந்தேன், ஊமையாக. முதல் வரிசையில் ஓர் ஆன்டி கைக்குட்டையை எடுத்தார். மண்டபமே மூக்கை உறிஞ்சியது.

மகள் வாசலிலேயே நின்றாள். நான் கூப்பிடுவேன் என்று நின்றாள். பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டது. எம்சி கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, “மணமகள் வருகிறார், எல்லோரும் கைதட்டுங்கள்” என்றாள். மகள் என்னைத் தேடிப் பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தாள். முகப்பூச்சு கலைந்துவிடும் என்று அவள் அழக்கூட இல்லை.

தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்திக்குக் கிளம்பியபோது தம்பியைப் பிடித்தேன். கேமராவைத் தோளில் வைத்து மேடையை எடுத்துக்கொண்டிருந்தான். கைப்பேசியில் தட்டி அவன் முகத்துக்கு முன் நீட்டினேன். என் பேச்சு எங்கே?

“அதுவா கா? அந்த மைக் செம மைக். ஒரு சத்தம் இல்ல, அவ்வளவு கிளீன். ஆனா கல்யாண வீடியோல யாரு கா பேச்சு கேப்பா? பேசினா ஜனங்க அவங்களும் பேச ஆரம்பிச்சிருவாங்க. பாட்டு போட்டதாலதான பாரு, மண்டபமே அழுதுச்சு.” கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒரிஜினல் எங்கே என்று தட்டினேன்.

“ஒரிஜினல்லாம் வச்சிக்கறதில்ல கா. வேலை முடிஞ்சா கார்டைக் காலி பண்ணிருவேன், அடுத்த வாரமே சுங்கை பூலோல ஒரு கல்யாணம் இருந்துச்சு. கம்ப்யூட்டர்லயும் எடம் இல்ல. பாட்டோட இருக்கறது பத்திரமா இருக்கு லா, கவலைப்படாத.”

திட்டினேன். அவனைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த அக்கா என்னவெல்லாம் திட்ட முடியுமோ அத்தனையும் திட்டினேன். இந்த வாயில் அதுவரை வராத கெட்ட வார்த்தைகளும் வந்தன. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, துளையிலிருந்து காற்று சீறியது, கண்ணீர் கொட்டியது. அவன் அப்போதுதான் கேமராவை இறக்கி என் முகத்தைப் பார்த்தான். அவன் கண்களும் கலங்கிவிட்டன.

“ஐயோ, தேங்க்ஸ் எல்லாம் எதுக்கு கா? உனக்குச் செய்யாம நான் வேற யாருக்குச் செய்யப் போறேன்?”

இல்லை என்று தலையை ஆட்டி, மறுபடியும் திட்டினேன். என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, பந்தியைப் படம் பிடிக்கப் போனான்.